சுற்றும் தாளமும் அப்பம்மாவின் மூச்சும்

சென்ற மாதம் வானொலியில் பேசியதை எழுத்தில் தரும்படி சிலர் கேட்டதால் இதை எழுதுகின்றேன்.

நான் கணக்காளன், இசை படித்தவன் அல்லன். எங்கள் பிள்ளைகள் ஐபாட்டில் "லூப்" வைத்து இசை செய்யும்போது, "ஒன்றையே திரும்பத் திரும்பப் போடுவதும் ஓர் இசையா?" என்று முகம் சுளித்த பெற்றோரில் நானும் ஒருவன்.

லூப் என்றால் சுற்று. சிறு இசைத்துண்டொன்றைப் பதிந்துவிட்டால் கருவி அதை இடைவிடாமல் ஒலிக்கும்; அதன்மேல் இன்னொன்றை அடுக்கலாம். ஆதி தாளம் எட்டு எண்ணிக்கை முடிந்து முதல் தட்டுக்குத் திரும்புவதும் ஒரு சுற்றுத்தானே! ஐபாட்டுக்கான கராஜ்பான்ட் மென்பொருள் 2011இல் வந்தது. சுற்றுக்களைக் கட்டம் கட்டமாக அடுக்கித் தட்டி இயக்கும் வசதி 2016இல் அதில் சேர்ந்தது.

ஒலிக்கு எதிரொலியும் மண்டப முழக்கமும் சேர்க்கும் வெளிப்பெட்டிகளும் உண்டு. இதில் எங்கள் டென்மார்க்குக்குப் பெரிய பெயர். கிம், ஜோன் என்ற ரிஷ்ஹொய் சகோதரர்கள் 1976இல் ஓகூஸ் பகுதியில் தொடங்கிய ரி.சி. இலெக்ட்ரொனிக் நிறுவனத்தின் பெட்டிகளை உலகெங்கும் கலைஞர்கள் பாவிக்கின்றார்கள். அதன் "டிற்றோ" என்னும் சிறிய லூப் பெட்டி 2013இல் வந்தது: ஒரு குமிழ், ஒரு கால்மிதி, அவ்வளவுதான்.

எண்பது வயது கடந்த என் அம்மாவின் தாலாட்டை மகள் பதிய விரும்பினாள். ஒரு வரியைப் பதிந்து சுற்றவிட்டாள். மென்பொருள் தானாக வைத்திருந்த வேகம் நிமிடத்துக்கு 110 தட்டு. அம்மாவின் பாட்டு அதற்குள் அடங்காமல் வரியின் கடைசி அறுந்தது. கேட்ட அம்மா சொன்னார்: "என்ர மூச்சையெல்லோ வெட்டிப்போட்டாய், பிள்ளை."

கணக்கேட்டில் ஆரம்ப மீதி பிழையென்றால் அடுத்த பக்கங்கள் எல்லாம் பிழை. லூப்பும் அப்படியே. முதற் சுற்றின் பிழை ஒவ்வொரு சுற்றிலும் வரும்.

ஆகவே கணக்கிலிருந்து தொடங்கினோம். அம்மா பாடப்பாட, எட்டு எண்ணிக்கைச் சுற்றுப் பத்துக்கு எத்தனை செக்கன் என்று பார்த்தேன்: 64. அதாவது 80 தட்டுக்கு 64 செக்கன், தட்டொன்றுக்கு 0.8. அறுபதை அதனால் வகுத்தால் 75. மென்பொருளின் வேகத்தை 75 ஆக மாற்றினோம். எதிரொலிப் பெட்டியில் 800 மில்லிசெக்கன் வைத்தால் எதிரொலி அடுத்த தட்டில் விழும். 400 என்றால் அரைத்தட்டில்.

அடுத்து, குரலைச் சுற்றவிடவில்லை. சுருதியையும் மெல்லிய தாளத்தையும் மட்டும் ஐபாட்டில் சுற்றவிட்டு, அவருக்குக் காதொலிப்பானில் கொடுத்தோம். அவர் முழுப்பாட்டையும் தன் போக்கில் மேலே பாடினார்.

இணைப்பு முறை இதுதான். ஐபாட்டும் ஒலிவாங்கியும் மிக்ஸரில் தனித்தனி வழிகளில். மிக்ஸரின் துணை வெளிவழியிலிருந்து பெட்டிக்கு ஒரு வயர். பெட்டியிலிருந்து மிக்ஸருக்கு இன்னொன்று. திரும்பி வரும் அந்த வழியின் துணைக்குமிழைப் பூச்சியத்தில் வையுங்கள். இல்லையேல் ஒலி தன்னையே சுற்றிக் கூவும். மிக்ஸரின் ஒலி கிற்றாரை விட வலியது. பெட்டி கிற்றாருக்கானதாயின் குறைத்து வைத்துத் தொடங்குங்கள். முழக்கத்தைக் கூட்டினால் சொற்கள் கரைந்துவிடும். டெனிஷில் வளரும் பேரப்பிள்ளைக்குத் தமிழ்ச் சொல் தெளிவாகக் கேட்கவேண்டுமல்லவா?

பதிந்ததைக் கேட்டுவிட்டு அம்மா, "இப்ப என்ர பாட்டு மாதிரிக் கிடக்கு" என்றார். மகளுக்கு வேறு பாராட்டுத் தேவைப்படவில்லை.

உங்கள் வீட்டிலும் முதியவர் ஒருவர் பாடுவார் என்றால், எந்த இசையும் சேர்க்காமல் முழுப்பாட்டையும் முதலில் ஒருமுறை பதிந்து வைத்துவிடுங்கள். சுற்றுக்களைப் பிறகு எப்போதும் செய்யலாம். அந்தக் குரல் எப்போதும் இராது.