வண்ணத் தொட்டிகள் சொல்லும் செய்தி

நோயுற்றோரை நலம் விசாரிக்கச் செல்வது நம் குடும்பங்களின் நல்வழக்கம். அடுத்த முறை கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்லும்போது, அங்குள்ள குப்பைத் தொட்டிகளின் நிறத்தைச் சற்றே கவனியுங்கள்.

மருத்துவக் கழிவுகளுக்கென 1998ஆம் ஆண்டு மத்திய அரசு விதிகள் வகுத்தது; 2016இல் புதிய விதிகள் வந்தன. அவற்றின்படி இரத்தம் தோய்ந்த பஞ்சும் கட்டுத்துணியும் மஞ்சள் பையில் சேர வேண்டும். குளுக்கோஸ் ஏற்றும் குழாய் போன்ற பிளாஸ்டிக் பொருள்களுக்குச் சிவப்பு, கண்ணாடிக்கு நீலம், ஊசிகளுக்குத் துளைபடாத வெள்ளைப் பெட்டி.

மருத்துவமனைக் குப்பையில் ஏறத்தாழ 85 விழுக்காடு சாதாரணக் குப்பையே என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எஞ்சியது அதனோடு கலந்துவிட்டால் அனைத்துமே ஆபத்தாகிவிடும். நாம் எறியும் பழத்தோலுக்கிடையே மறைந்திருக்கும் ஊசி, பையைத் தூக்கும் துப்புரவுப் பணியாளரின் விரலைத் தைக்கலாம். ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, எய்ட்ஸ் ஆகியவற்றின் கிருமிகள் அவ்வழியே பரவக்கூடியவை. முதலாவதற்குத் தடுப்பூசி உண்டு. மற்ற இரண்டிற்கும் இல்லை.

நம் இல்லங்களிலும் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வோர் உளர். அந்த ஊசியைக் காய்கறிக் குப்பையில் எறியாதீர்கள். கெட்டியான டப்பாவில் இட்டு மூடி, குப்பை வாங்க வருவோரிடம் சொல்லித் தனியே கொடுங்கள். நம் நலத்திற்குப் பயன்பட்ட ஊசி, பிறருக்கு நோயைத் தரலாமா?