முழங்காலுக்குக் கீழுள்ள தமனியடைப்பு நீக்கத்திற்குப் பின் பாதப்புண் ஆறுதலை முன்கணித்தல்

முன்னுரை

நீரிழிவாலும் சிறுநீரகச் செயலிழப்பாலும் முழங்காலுக்குக் கீழுள்ள தமனிகள் அடைபடும்போது பாதத்தில் ஆறாப் புண் தோன்றுகிறது. பலூன் சிகிச்சையோ பைபாஸ் அறுவையோ அடைப்பை நீக்கிய பின்னும் எல்லாப் புண்களும் ஆறுவதில்லை. எந்தப் புண் ஆறும் என்பதை முன்னரே அறிய முடியாவிடில் இரு தவறுகள் நேரும். காக்கக்கூடிய பாதம் அவசரத்தில் வெட்டப்படும். அல்லது ஆறாத புண்ணுக்காகக் காத்திருந்து தொற்று மேலேறும். அம்முன்கணிப்புக்குரிய அளவீடுகளை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கணுக்கால் அழுத்தமும் விரல் அழுத்தமும்

கணுக்கால் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துக் கிடைக்கும் விகிதம் 0.90 அல்லது அதற்குக் குறைவாயின் தமனி நோய் உண்டெனக் கொள்வர். நீரிழிவு நோயாளரிடம் இவ்விகிதம் ஏமாற்றக்கூடியது. அவர்களின் தமனிச் சுவரில் கால்சியம் படிந்து குழாய் விறைத்துவிடுவதால், அளவீட்டுப் பட்டை எவ்வளவு இறுக்கினாலும் அது அமுங்குவதில்லை. இரத்தம் குறைந்த காலிலும் எண் இயல்பாகவோ 1.4-ஐத் தாண்டியோ நிற்கும். கால்விரல் தமனிகளில் இப்படிவு குறைவு. ஆதலால் விரல் அழுத்தமே நம்பத்தக்கது. அது 30 மி.மீ. பாதரச அளவுக்குக் கீழிருப்பின் புண் ஆறும் வாய்ப்பு மிகக் குறைவு.

2014-இல் அமெரிக்க இரத்தநாள அறுவை மருத்துவர் சங்கம் வெளியிட்ட 'விஃபி' வகைப்பாடு இவ்வளவீட்டைத் தனித்து நிறுத்தாமல் புண்ணின் ஆழம், இரத்தக்குறை, பாதத்தொற்று ஆகிய மூன்றுக்கும் 0 முதல் 3 வரை தரமளிக்கிறது. இரத்தவோட்டம் ஒன்றையே நோக்கிய பழைய வகைப்பாடுகளைவிட இது மேலானது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. எலும்பு வரை பரவிய தொற்றுக்குத் திறந்த தமனி மட்டும் விடையாகாது.

எந்தத் தமனியைத் திறப்பது?

1987-இல் டெய்லர், பாமர் ஆகியோர் உடலைத் தமனிவாரியான முப்பரிமாணப் பகுதிகளாகப் பிரித்துக் காட்டினர். 'ஆஞ்சியோசோம்' எனப்படும் இப்பகுதிகள் பாதத்திலும் கணுக்காலிலும் ஆறு உள்ளன. பின் டிபியல் தமனிக்கு மூன்று, பெரோனியல் தமனிக்கு இரண்டு, முன் டிபியல் தமனிக்கு ஒன்று. புண்ணிருக்கும் பகுதிக்குரிய தமனியையே திறப்பது நேர்வழி. வேறொன்றைத் திறந்து கிளைநாளங்களை நம்புவது மறைவழி. பாதவளைவுத் தமனி முழுமையாக உள்ளவரிடம் மறைவழியும் பயனளிக்கும். நீரிழிவோடு டயாலிசிஸ் பெறுவோரிடம் அவ்வளைவு பெரும்பாலும் அறுபட்டிருப்பதால் நேர்வழியின் தேவை கூடுகிறது. ஆஞ்சியோகிராம் படத்தில் கணுக்கால் வரை ஒளிரும் தமனியைக் கண்டு நிறைவடைவது போதாது. புண்ணைச் சுற்றிய திசுவுக்குள் சாயம் பரவுகிறதா என்பதே கவனிக்கத்தக்கது.

அளக்க வேண்டிய காலம்

தோலைச் சுமார் 44 பாகை செல்சியசுக்குச் சூடாக்கி அதன்வழி ஆக்சிஜனை அளக்கும் முறையும் உண்டு. பலூன் சிகிச்சையின் மறுநாளே அளந்தால் உயர்வு முழுமையாகத் தெரியாது. அது சில வாரங்களில் படிப்படியாகவே கூடுகிறது. முதல் நாள் எண்ணைக் கண்டு வெட்ட முடிவெடுப்பது, நோயாளியின் உயிருக்கு ஆபத்தான தொற்று இல்லாதவரை, முறையன்று.

கருவி இல்லாத இடத்திலும் அளவுகோல் ஒன்று போதுமான அளவு உதவும். நீரிழிவுப் பாதப்புண் நான்கு வாரங்களில் பாதிப் பரப்பாகக் குறைந்தால் பன்னிரண்டு வாரங்களில் ஆறும் வாய்ப்பு மிகுதி. 4 செ.மீ. நீளமும் 2 செ.மீ. அகலமும் உள்ள புண் ஒரு மாதத்தின் பின் 4 ச.செ.மீ.-க்கு மேல் நின்றால் தமனியை மீண்டும் ஆராய வேண்டும். பலூனால் விரித்த சிறு தமனிகள் சில மாதங்களிலேயே மீண்டும் சுருங்குவது வழக்கம். புண் மூடுவதற்கும் மாதங்கள் ஆகின்றன. ஆறும் புண்ணுக்கு ஆறிய தோலைவிட மிகுந்த இரத்தம் தேவை. எனவே மூடிய பின் தமனி மறுபடி அடைபட்டாலும் பாதம் நிலைத்திருப்போர் உண்டு.