இதயமும் இடுப்பளவும்

நடவும் அறுவடையும் கையால் நடைபெற்ற காலத்தில், தஞ்சை உழவர் உண்ட சோறு வயலிலேயே வியர்வையாய்க் கழிந்தது. இன்று டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்துள்ளன. சோற்றின் அளவோ குறையவில்லை. திருபுவனத்து நெசவாளரின் கைகால்கள் ஓயாது இயங்கினும், நாள் முழுதும் அவர் தறியின்முன் அமர்ந்தே இருக்கிறார். இதனால் பருக்கும் வயிற்றைச் செழுமையின் அடையாளமென நாம் கருதுவது பெருந்தவறு.

2019-21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் மிகை எடையுடையோர். வயிற்றில் சேரும் கொழுப்பு இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் உயர்த்தி, இதயக் குழாய்களைக் கெடுக்கிறது. இந்தியருள் ஆடவர்க்கு 90 சென்டிமீட்டரும் பெண்டிர்க்கு 80 சென்டிமீட்டருமே இடுப்பளவின் எல்லையென மருத்துவர் வகுத்துள்ளனர்.

மார்வலியென்று வருவோர்க்கு மாத்திரை எழுதி, "எடையைக் குறையுங்கள்" என்று சொல்லி அனுப்பினால் மட்டும் போதுமா? இதய மருத்துவர் இடுப்பை அளந்து குறித்தல் வேண்டும். வேளைக்கு எவ்வளவு சோறு, தறியில் எத்தனை மணி, உறக்கம் எவ்வாறு என்று பரிவுடன் வினவுதல் வேண்டும். பழிச்சொல் கேட்டவர் மறுமுறை மருத்துவமனைக்குச் செல்லத் தயங்குவார், நோயோ தயங்காது. சில சர்க்கரை மருந்துகள் எடையைக் கூட்டுவனவாதலின், அவற்றை மாற்ற இயலுமா என ஆராய்வதும் மருத்துவரின் கடமையே.

இலக்கு எளிதாயிருத்தல் நன்று. 80 கிலோ எடையுள்ளவர் 4 முதல் 8 கிலோ குறைத்தாலே அழுத்தமும் சர்க்கரையும் தணியும். சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து, கீரை, காய், பயறு ஆகியவற்றைக் கூட்டலாம். உப்பையும் எண்ணெயையும் சுருக்கலாம். நாள்தோறும் அரைமணி நடக்கலாம். இதய நோயுற்றோர் மருத்துவரைக் கேட்ட பின்னரே நடையைத் தொடங்குக. மாத்திரையைத் தாமாக நிறுத்தற்க.

2021இல் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தின் ஊழியர் வீடு தேடி வருகையில், அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளலாம். சங்க அலுவலகத்தில் ஓர் அளவுநாடாவும் எடைக்கருவியும் வைப்பது பெருஞ்செலவன்று. நூலைச் சிட்டமாக எண்ணி, நெல்லை மூட்டையாக நிறுத்துக் கணக்கெழுதும் அங்கத்தினராகிய நாம், மாதம் ஒருமுறை நம் இடுப்பளவையும் எழுதி வைத்து, மருத்துவரிடம் செல்லும்போது அவ்வேட்டைக் கொண்டு செல்வோமாக!