உடம்பில் யாரோ வந்து பேசுகிறார்களா? அடிக்காதீர்கள், கட்டாதீர்கள்!

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் கோயில் பொங்கலில் கொட்டுச் சத்தம் கேட்டதும் யாருக்காவது அருள் வரும். ஆடி முடித்து, திருநீறு பூசி, மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போய்விடுவார்கள். இதை மருத்துவமும் நோய் என்று சொல்வதில்லை.

ஆனால், கோயிலும் இல்லை, கொட்டும் இல்லை. அடுப்படியில் நின்ற பெண் திடீரென வேறு குரலில், வேறு பெயர் சொல்லிப் பேசுகிறாள். அரை மணி நேரம் கழித்து, ‘எனக்கு என்ன ஆச்சு?’ என்று முழிக்கிறாள். இது அடிக்கடி நடந்தால்..? கோடாங்கியைத் தேடிப் போவோம். உடுக்கை, வேப்பிலை, சில இடங்களில் சாட்டையடி.

இதன் பின்னால் ‘டிசோசியேட்டிவ் ஐடென்டிட்டி டிஸ்ஆர்டர்’ என்ற மனநலப் பிரச்னை இருக்கலாம். ‘மல்டிபிள் பர்சனாலிட்டி’ என்றிருந்த பெயர் 1994-ல் இப்படி மாறியது. உடம்பில் வேறொருவர் புகுந்ததுபோல நடந்துகொள்வதும் இதன் ஒரு வடிவம்தான் என்று அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013-ல் சேர்த்துக்கொண்டது. நமக்கோ 2005-ல் வந்த ‘அந்நியன்’தான் ஞாபகத்துக்கு வரும். படத்தில் வருவதுபோல இவர்கள் கொலைகாரர்கள் இல்லை. ஆபத்து பெரும்பாலும் இவர்களுக்கேதான். தற்கொலை முயற்சிகள் அதிகம்.

பெரும்பாலும் இதன் வேர், சிறுவயதில் திரும்பத் திரும்ப அனுபவித்த அடி, உதை, பாலியல் கொடுமை. தப்பிக்க வழியில்லாத குழந்தையின் மனம், ‘இது எனக்கு நடக்கவில்லை’ என்று விலகி நிற்கப் பழகிவிடுகிறது. கோடாங்கி பேயின் பேரைக் கேட்கிறார். இந்தப் பிள்ளைக்கு என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. அதையும் சொந்தக்காரர்கள் கூடிநிற்கும்போது கேட்டுவிடாதீர்கள். கொடுமை செய்த ஆளே அந்தக் கூட்டத்தில் இருக்கலாம்.

வீட்டில் செய்ய வேண்டியது, குறித்து வைப்பது. எந்தத் தேதி, எவ்வளவு நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, பிறகு எது ஞாபகமில்லை? தான் வாங்கியதே நினைவில்லாத பொருள் பையில் இருந்ததா? டாக்டருக்கு இந்தக் குறிப்பு பெரிய உதவி. வலிப்பு நோயும் சில சமயம் இப்படித் தோன்றும் என்பதால், இ.இ.ஜி. எடுக்கச் சொல்லலாம்.

இதைக் குணமாக்கும் தனி மாத்திரை கிடையாது. தூக்கமின்மை, மனச்சோர்வுக்கு மருந்து தருவார்கள். முக்கிய சிகிச்சை, பேச்சுதான். முதலில் பாதுகாப்பு, நம்பிக்கை. பழைய காயத்தைத் தொடுவதெல்லாம் பிறகுதான். வருடக்கணக்கில் ஆகலாம்.

பக்கத்து மாவட்டத்து ஏர்வாடியை மறந்திருக்க மாட்டீர்கள். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயிலிருந்து தப்ப முடியாமல் சிக்கினார்கள். 28 பேர் இறந்தார்கள். 2017 மனநலச் சட்டப்படி யாரையும் சங்கிலியால் கட்டக் கூடாது.

கோயிலுக்குப் போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. கூடவே விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கோ போய் மனநல மருத்துவரைப் பாருங்கள். பஸ் ஏறத் தயக்கமா? 14416-க்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே. குழந்தைக்கு ஆபத்து என்றால் 1098.