30 வருஷமாகக் கிளி ஜோடியைத் தேடிய குமாஸ்தா! ரிச்சி தெருவில் விலகியது மர்மம்

சென்னை ரிச்சி தெரு. சாயங்காலம் 6 மணி. செல்போன் கண்ணாடி மாற்றுகிறவர்கள், சார்ஜருக்குப் பேரம் பேசுகிறவர்கள், அட்டைப்பெட்டி சுமக்கிற ஆட்கள் என்று தோளோடு தோள் இடிக்கிற கூட்டம்.

அந்தக் கூட்டத்தில் ஒரு மனிதர் கடை கடையாக ஏறி இறங்கி ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டு இருந்தார்.

"பழைய டி.வி. கேம் கேசட் இருக்கா? ரெண்டு கிளி வரும். ஒண்ணு இந்தப் பக்கம் போனா இன்னொண்ணு அந்தப் பக்கம் போகும். அதுக்குப் பேர் என்னங்க?"

கடைக்காரர்கள் கையை விரித்தார்கள். ஒருவர் சிரித்தே விட்டார். ஒரு பழைய ரேடியோவுக்கு உதிரி பாகம் தேடிப் போயிருந்த நமக்கு விஷயம் ருசிகரமாகத் தோன்றியது. அவரை டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போய் விசாரித்தோம்.

மண்ணடியில் ஒரு இரும்புக் கடையில் கணக்கு எழுதுகிறவர். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. "பேர் போட்டுடாதீங்க சார். கணக்கு நோட்டை மூடி வெச்சுட்டு பொம்மை விளையாட்டைத் தேடுறியான்னு முதலாளி கேப்பார்" என்றார். போடவில்லை.

சித்தப்பா கொண்டு வந்த பெட்டி

1994-ம் ஆண்டு. திருவல்லிக்கேணியில் ஒண்டுக்குடித்தனம். அக்கா ஏழாம் வகுப்பு. இவர் நாலாம் வகுப்பு. வீட்டில் டயனோரா டெலிவிஷன், கறுப்பு-வெள்ளைதான். முழுப்பரீட்சை லீவு விட்ட மறுநாள் சித்தப்பா ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். பர்மா பஜாரில் வாங்கியது.

பர்மாவில் இருந்து திரும்பி வந்த தமிழர்களுக்காகக் கடற்கரை ரெயில் நிலையத்தின் பக்கத்தில் 1969-ல் ஏற்பட்ட கடைத்தெரு அது. சென்ட், டேப்ரிக்கார்டர், குடை... ஃபாரின் சாமான் என்றால் ஜனங்கள் அங்கேதான் ஓடுவார்கள்.

பெட்டிக்குள் சிவப்பும் வெள்ளையுமாக ஒரு பிளாஸ்டிக் எந்திரம். இரண்டு ரிமோட். ஒரு துப்பாக்கி. ஒரு மஞ்சள் கேசட். கேசட்டின் மேல் '9999999 இன் 1' என்று அச்சடித்து இருந்தது.

"ஒரு கோடிக்கு ஒண்ணு கம்மின்னு தெரு பூரா சொல்லிட்டேன் சார். எண்ணிப் பார்த்தா இருபது விளையாட்டுகூடத் தேறலை!"

கோடி ஆன கதை

இருபது எப்படிக் கோடி ஆனது? அது ஒரு வியாபார தந்திரம்.

ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி 1983-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி ஒரு விளையாட்டு எந்திரத்தை விற்பனைக்கு விட்டது. விலை 14,800 யென். பெயர் ஃபேமிகாம். அதை அப்படியே பார்த்துச் செய்த நகல் எந்திரங்கள் தைவான், ஹாங்காங் பக்கம் இருந்து மூட்டை மூட்டையாக வந்தன. நம் ஊர்ப் பிள்ளைகளில் பெரும்பாலானவர்கள் ஆடியது அந்த நகலில்தான். 'நிண்டெண்டோ' என்ற பெயரே பலருக்குத் தெரியாது. 'டி.வி. கேம்', அவ்வளவுதான்.

ஆரம்ப கால விளையாட்டு ஒன்றின் அளவு அதிகபட்சம் 40 கிலோபைட். இன்றைக்குக் காலையில் உங்கள் வாட்ஸ்-அப்பில் வந்த ரோஜாப்பூப் படம்கூட அதைவிடப் பெரிசாக இருக்கும். அதனால் ஒரே கேசட்டில் பத்து, இருபது விளையாட்டைத் திணிக்க முடிந்தது. மீதி எண்ணெல்லாம் கண்கட்டு வித்தை. அதே டாங்கி விளையாட்டு, மூன்றாம் கட்டத்தில் இருந்து ஆரம்பித்தால் அதற்கு ஒரு எண். ஏழாம் கட்டத்தில் இருந்து ஆரம்பித்தால் இன்னொரு எண்.

இதில் ஒரு அநியாயமும் நடந்தது. நகல் எடுத்தவர்கள், திரையில் தயாரிப்பாளர் பெயர் வருகிற வரியைச் சுரண்டி எடுத்துவிட்டார்கள். விளையாட்டின் பெயரையும் இஷ்டத்துக்கு மாற்றினார்கள். நாம்கோ கம்பெனி 1985-ல் கொண்டுவந்த 'பேட்டில் சிட்டி'யின் நகலுக்கு 'டாங்க் 1990' என்று பெயர். தொப்பி போட்டுக்கொண்டு, இடுப்பில் தழை கட்டிக்கொண்டு, கோடாலி வீசியபடி ஓடுவானே ஒருவன்... அவனை இங்கே 'ஐலண்டர்' என்றார்கள். அசல் பெயர் 'அட்வெஞ்சர் ஐலண்ட்', 1986.

அந்தத் தொப்பிக்காரன் கற்பனை ஆள் அல்ல என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? ஹட்சன் என்ற ஜப்பானியக் கம்பெனியில் வேலை பார்த்த டகஹாஷி என்பவரை வைத்துச் செய்த பொம்மை அது. ஒரு விநாடியில் 16 தடவை பட்டன் அழுத்துவார் என்று ஜப்பான் பிள்ளைகள் மத்தியில் அவருக்கு ஏகப்பட்ட மவுசு!

ஹட்சன் கம்பெனியை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும்.

ஊதினால் ஓடும்!

சித்தப்பா ஆன்டெனா வயரைப் பிடுங்கிவிட்டு எந்திரத்தின் வயரைச் சொருகினார். டெலிவிஷனில் சேனல் திருகுகிற குமிழைத் திருகித் திருகி, புள்ளிப் புள்ளியாக இரைச்சல் அடங்கிப் படம் வந்தபோது வாசலில் பக்கத்துக் குடித்தனக்காரர்கள் பதினோரு பேர் நின்றார்களாம். வெள்ளிக்கிழமை ராத்திரி மட்டும் எந்திரம் மூட்டை கட்டப்படும். 'ஒளியும் ஒலியும்' பார்க்க வேண்டும் அல்லவா?

சில நாளில் படம் வராது. கோடு கோடாக ஆடும். உடனே கேசட்டைக் கழற்றி, அடியில் இருக்கிற தகட்டில் புல்லாங்குழல் மாதிரி 'ஃபூ' என்று ஊதுவது. திரும்பச் சொருகினால் ஓடும்! ஊதாத பிள்ளை கிடையாது.

ஆனால் ஊதியதால் ஓடவில்லை. கழற்றி மாட்டியதால் ஓடியது. கேசட்டில் இருக்கிற 60 தகடுகளும் எந்திரத்தின் முனைகளில் மறுபடி சரியாகப் பொருந்திக்கொள்ளும். வாயின் ஈரம் பட்டால் தகடு கறுத்துப் போகும் என்பதுதான் உண்மை. "அப்போ 30 வருஷம் வீணா ஊதியிருக்கேனா?" என்று கணக்கர் கன்னத்தில் கைவைத்துக்கொண்டார்.

வாத்து சுடுகிற துப்பாக்கியில் குண்டும் இல்லை, கதிரும் இல்லை. விசையை அழுத்தியதும் திரை கண்ணிமைக்கிற நேரம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வந்து போகும். துப்பாக்கியின் முனையில் உள்ள கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்தால் வாத்து செத்தது என்று கணக்கு. இது பழைய குழாய் டெலிவிஷனில்தான் வேலை செய்யும். இப்போதைய தட்டை டி.வி.யில் அரை நாள் சுட்டாலும் ஒரு வாத்தும் விழாது.

ஒரு ரிமோட், இரண்டு கை

ஒரு மாதத்தில் இரண்டாவது ரிமோட் உடைந்தது. உடைத்தவர் யார் என்பதில் இன்றுவரை இரண்டு கட்சி உண்டு. அதற்குப் பிறகு அக்காவும் தம்பியும் சேர்ந்து ஆட முடிந்தது ஒரே ஒரு விளையாட்டுத்தான்.

திரையின் நடுவில் ஒரு சுவர். இந்தப் பக்கம் ஒரு பறவை, அந்தப் பக்கம் ஒரு பறவை. வலது பட்டனை அமுக்கினால் ஒன்று வலது பக்கம் நடக்கும், மற்றது கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடது பக்கம் நடக்கும். இரண்டு பக்கத்திலும் பாதை வேறு வேறு. வழியில் சிலந்தி. வலையில் ஒன்று மாட்டிக்கொண்டால் மற்றது சுற்றிக்கொண்டு வந்து மருந்து அடித்து விடுவிக்க வேண்டும். இரண்டுமே மாட்டிக்கொண்டால் ஒரு உயிர் போச்சு. மேலே ஒரு கூண்டில் இதயம் இருக்கும். இரண்டு பக்கத்தில் இருந்தும் இரண்டும் ஒரே நேரத்தில் அதைத் தொட வேண்டும். நேரமும் ஓடிக்கொண்டே இருக்கும்.

ஒருவர் ஆடுகிற ஆட்டம்தான். ஆனால் இவர்கள் ரிமோட்டை நடுவில் வைத்துக்கொண்டார்கள். திசைப் பட்டன் அக்காவுக்கு. மருந்து அடிக்கிற பட்டன் தம்பிக்கு.

"அக்கா நடக்கணும், நான் அடிக்கணும். நான் லேட்டா அடிச்சா அக்கா தலையில குட்டுவாங்க. அவங்க தப்பா திரும்பினா நான் கிள்ளுவேன். ஆனா ஜெயிக்கும்போது சேர்ந்துதான் சார் ஜெயிக்கணும். வேற வழியே கிடையாது."

அதில் வருகிற மெட்டை அக்கா முணுமுணுத்துக்கொண்டேதான் வாசலில் கோலம் போடுவாராம்.

பிறகு காலம் ஓடியது. 1997-ல் கம்ப்யூட்டர் கிளாஸ். கறுப்புத் திரையில் பெயரைத் தட்டினால் ஓடும் விளையாட்டுகள். அமெரிக்கர் ஜான் ரொமேரோ எழுதிய 'டேவ்'. ஹெலிகாப்டரில் இருந்து ஆட்கள் குதிக்க, கீழே இருந்து சுடுகிற 'பாராட்ரூப்பர்'. பின்னதை 1982-ல் எழுதிய கிரெக் கூப்பர்பெர்குக்கு அப்போது 15 வயதுதான் இருக்கும். பின்னாளில் அவர் கலிபோர்னியாவில் கணிதப் பேராசிரியர் ஆனார். அதெல்லாம் தனியாக ஆடுகிற ஆட்டம். கணக்கருக்கு ஒட்டவில்லை.

வெள்ளத்தோடு போன கேசட்

அக்காவுக்குக் கல்யாணம் ஆகிக் கோயம்புத்தூர் போய்விட்டார். குடும்பம் சைதாப்பேட்டையில் அப்பா கட்டிய வீட்டுக்கு மாறியது. மஞ்சள் கேசட் டிரங்குப் பெட்டியில் போய்க் கட்டிலுக்கு அடியில் கிடந்தது. 2015-ம் ஆண்டு டிசம்பர் மாத வெள்ளத்தில் அடையாற்றுத் தண்ணீர் இடுப்பளவுக்கு உள்ளே வந்தது. வடிந்தபோது டிரங்குப் பெட்டிக்குள் சேறுதான் இருந்தது.

அப்பா காலமானதும் அந்த வீட்டை விற்பதா, வைத்திருப்பதா என்று பேச்சு வந்தது. பேச்சு தடித்தது. அக்கா-தம்பி பேசி ஆறு வருஷம் ஆகிறது. பண்டிகைக்கு மச்சான்தான் போன் பண்ணுவாராம்.

"விளையாட்டுப் பேர் தெரிஞ்சா அக்காவுக்கு அனுப்பலாம்னு பார்த்தேன் சார். வீட்டைப் பத்திப் பேசினா திரும்பச் சண்டை வரும். வேற எதைச் சொல்லி ஆரம்பிக்கிறது?"

டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

பெயர் தெரியாமல் தேடுவதில்தான் சங்கடம். செல்போனில் 'இரண்டு கிளி விளையாட்டு' என்று வருஷக்கணக்கில் தட்டிப் பார்த்திருக்கிறார். கிளி ஜோசியம் வந்தது, கிளி விற்பனை வந்தது. விளையாட்டு வரவில்லை.

"கிளியை விட்டுடுங்க அண்ணே!"

பக்கத்துக் கடையில் செல்போன் ரிப்பேர் பார்க்கிற வாலிபர் ஒருவர் டீ குடிக்க வந்தவர், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு இருந்தார்.

"அண்ணே, கறுப்பு-வெள்ளை டி.வி.யில அது கிளின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"அக்கா சொன்னாங்க."

"கிளியை விட்டுடுங்க. சிலந்தி வலை, நடுவுல சுவர், இதயம். இதை மட்டும் போட்டுப் பாப்போம்."

தட்டினார். ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. செல்போன் திரையில் கலரில் வந்து நின்றன இரண்டு பறவைகள். கிளி அல்ல. பென்குயின்!

விளையாட்டின் பெயர் 'பைனரி லேண்ட்'. ஜப்பானின் சப்போரோ நகரில் 1973-ல் தொடங்கப்பட்ட அதே ஹட்சன் கம்பெனியின் தயாரிப்பு. வீட்டுக் கம்ப்யூட்டருக்கு முதலில் வந்து, 1985-ல் நிண்டெண்டோ எந்திரத்துக்கு வந்தது. அந்தக் கம்பெனி 2012-ல் கொனாமியோடு இணைந்து மறைந்துவிட்டது.

ஆண் பென்குயின் பெயர் குரின். பெண் பென்குயின் பெயர் மாலோன். திருவல்லிக்கேணிக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பார்த்தசாரதி கோயில் தெருவுல உட்கார்ந்து மாலோனை வெச்சு ஆடியிருக்கோம், தெரியாமலேயே!"

வாலிபர் சத்தத்தைக் கூட்டினார். மெட்டு வந்தது. 1925-ல் காலமான பிரெஞ்சு இசையமைப்பாளர் எரிக் சாட்டியின் பழைய பாட்டு மெட்டு அது. கணக்கர் பேசவில்லை. அவர் உதடு மட்டும் கூடவே அசைந்தது.

பிறகு கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த வீடியோவை அக்காவின் எண்ணுக்கு அனுப்பினார். கீழே ஒரே வரி: 'அக்கா, கிளி இல்ல, பென்குயினாம்.'

இரண்டாவது டீ சொன்னோம். அது வருவதற்குள் பதில் வந்துவிட்டது. எழுத்தில் அல்ல, குரலில். ஆறு வருஷம் கழித்து முதல் குரல். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே போட்டார்.

"டேய், கிளின்னு உளறினது நீ. நான் அப்பவே பென்குயின்னு சொன்னேன். நீதான் கேக்கலை."

கணக்கருக்கு முகம் சிவந்துவிட்டது. "பொய் சார்! முழுப் பொய்! கிளின்னு சொன்னது அவங்கதான். எங்கே வேணாலும் வந்து சொல்வேன்" என்று பெஞ்சைத் தட்டினார். "நேர்லயே போய்க் கேக்குறேன்" என்று அங்கேயே உட்கார்ந்து, சனிக்கிழமை ராத்திரி கோவை ரெயிலில் இடம் இருக்கிறதா என்று வாலிபரைப் பார்க்கச் சொன்னார்.