கோப்பிச் சிமிழின் மூடி

கிளேட்டனில் வாழும் எம்மவர் வீடுகளின் சமையலறைகளில், றைஸ் குக்கருக்கும் கிரைண்டருக்கும் பக்கத்தில் அண்மைக்காலமாக இன்னுமொரு இயந்திரம் இடம்பிடித்து வருகின்றது. கட்டைவிரல் அளவான சிறு சிமிழொன்றை அதன் வாயிலிட்டு, பிடியைக் கீழே அழுத்தி, பொத்தானைத் தட்டினால், ஒரு நிமிடத்துக்குள் ஒரு கோப்பை கோப்பி கிடைத்து விடுகின்றது. இச்சிமிழைச் சிலர் ‘பொட்’ என்றும் சிலர் ‘கப்சூல்’ என்றும் அழைக்கின்றனர். குங்குமத்தை மூடிவைக்கும் சிறு கலத்துக்குச் சிமிழ் என்ற நல்ல பெயர் எம்மொழியில் இருப்பதால், நாம் இக்கட்டுரையில் அதையே பயன்படுத்துவோம்.

இரவு வேலைக்குச் செல்லும் தந்தைக்கும், அதிகாலையில் பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுத் தொழிற்சாலைக்கு ஓடும் தாய்க்கும் இவ்வியந்திரம் ஓர் உதவிதான். மலிவு விற்பனையில் வாங்கியோ, வீடு மாறிச் செல்லும் நண்பர் கொடுத்தோ, வீதியோரத்தில் வைக்கப்பட்ட பழைய பொருட்களுக்குள் கண்டெடுத்தோ அது எம் வீடுகளுக்கு வந்து சேர்கின்றது. அதைப் புகழ்வதும் இகழ்வதும் எமது நோக்கமன்று. அச்சிமிழின் மூடியை, அதாவது அது எவ்வாறு அடைக்கப்பட்டு எவ்வாறு திறக்கப்படுகின்றது என்பதை, வாசகர்களுடன் சேர்ந்து சற்று உற்றுநோக்க விரும்புகிறோம். கோப்பியின் சுவையும், எமது பணமும், எம் பிள்ளைகளின் பாதுகாப்பும் அந்த மெல்லிய மூடியிலேயே தங்கியுள்ளன.

காற்றும் ஈரமும்

எமது பாட்டிமார் கோப்பிக் கொட்டையை மல்லியுடன் வறுத்து, உரலில் இடித்து, அரித்து, இறுக்கமான மூடியுள்ள ஹோர்லிக்ஸ் போத்தலில் போட்டு வைப்பார்கள். ஈரக்கரண்டியை அதற்குள் விட்டால் ஏச்சு விழும். அதிலுள்ள விஞ்ஞானத்தை அவர்கள் எந்தப் பாடசாலையிலும் கற்கவில்லை, அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். வறுத்த கோப்பியைத் தூளாக்கியதும், காற்றுப் படும் பரப்பு பன்மடங்கு பெருகி விடுகின்றது. காற்றிலுள்ள ஒட்சிசன் கோப்பியின் எண்ணெய்ப் பொருட்களைக் கெடுக்கின்றது. மணந்தரும் பொருட்கள் ஆவியாகி வெளியேறுகின்றன. ஈரம் தூளைக் கட்டியாக்குகின்றது.

இலங்கைக்கு இப்பாடம் புதியதன்று. 1869 ஆம் ஆண்டளவில் பரவத் தொடங்கிய இலைத்துரு நோய் இலங்கையின் கோப்பித் தோட்டங்களை அழித்தபின், தேயிலை அவற்றின் இடத்தைப் பிடித்தது. எமது மலையக உறவுகள் பறித்த கொழுந்து தேயிலையாகி, மரப்பெட்டிகளில் கடல் கடந்து சென்றது. அப்பெட்டிகளின் உட்புறம் ஆரம்பத்தில் ஈயத் தகட்டாலும் பிற்காலத்தில் அலுமினியத் தாளாலும் மூடப்பட்டிருந்தது. மாதக்கணக்கான பயணத்தில் கடற்காற்றின் ஈரம் உட்புகாதிருக்கச் செய்த ஏற்பாடு அது. இன்றைய கோப்பிச் சிமிழும் அந்தத் தேயிலைப் பெட்டியின் வழிவந்ததே. பெட்டியின் கொள்ளளவு மட்டும் சுமார் ஐந்து கிராமாகச் சுருங்கிவிட்டது.

தொழிற்சாலையில் சிமிழுக்குள் தூளை நிரப்பி, உள்ளிருக்கும் காற்றை நைதரசன் வாயுவினால் வெளியேற்றி, விளிம்பின்மேல் மெல்லிய தாளை வைத்துச் சூடான அச்சினால் அழுத்துவார்கள். தாளின் அடியிலுள்ள பூச்சு உருகி விளிம்புடன் ஒட்டிக்கொள்ளும். யோகட் கிண்ணத்தின் மூடியும் இவ்விதமே ஒட்டப்படுகின்றது. விளிம்பில் ஒரு துணிக்கை கோப்பித்தூள் அகப்பட்டுவிட்டாலும் காற்று நுழைய ஒரு வழி ஏற்பட்டு விடும். இன்னுமொரு சிக்கலும் உண்டு. புதிதாக வறுத்த கோப்பி காபனீரொட்சைட்டு வாயுவை வெளியிட்டுக் கொண்டேயிருக்கும். அதை உடனே அடைத்துவிட்டால் சிமிழ் ஊதிப் பெருக்கும். ஆகையினால், தூளைச் சிறிது நேரம் ஆறவிட்டே அடைக்கின்றனர்.

மூடியிருக்கவும் வேண்டும், திறக்கவும் வேண்டும்

போத்தலின் மூடியை நாம் கையால் திறக்கிறோம். சிமிழோ மாதக்கணக்கில் இறுக மூடியிருந்துவிட்டு, இயந்திரத்துக்குள் சென்றதும் தண்ணீர் உட்புக ஓரிடத்திலும், கோப்பி வெளிவர மற்றோரிடத்திலுமாகச் சில விநாடிகளுக்குள் திறந்தாக வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இக்கடமைகளை ஒரே மூடியிடம் ஒப்படைத்ததே இதன் வடிவமைப்பாளர்கள் எதிர்கொண்ட சவாலாகும்.

சுவிற்சர்லாந்தின் நெஸ்லே நிறுவனத்தில் பொறியியலாளராக இருந்த எரிக் ஃபாவ்ர் என்பவரின் முயற்சியால், 1976 இல் இத்தகைய முறைக்கு ஆக்கவுரிமைப் பத்திரம் பெறப்பட்டது. பத்து ஆண்டுகளின் பின், 1986 இல், நெஸ்பிரெசோ என்ற பெயரில் அது சந்தைக்கு வந்தது. அதன் செயல்முறை எளிமையானது. பிடியை அழுத்தியதும் சிறு அலகுகள் சிமிழின் பிற்பகுதியைத் துளைக்கின்றன. அத்துளைகளினூடாகச் சுடுநீர் உள்ளே செலுத்தப்படுகின்றது. முற்பகுதியை மூடியுள்ள தாளை எதுவும் குத்துவதில்லை. உள்ளே அமுக்கம் ஏற ஏற, அத்தாள் தனக்கு எதிரேயுள்ள தகட்டின் சிறு கூம்புகளின்மீது அழுந்தி, தானாகவே கிழிகின்றது. கிழிந்த நுண்துளைகள் வடியாகவும் பயன்பட்டு, தூளைத் தடுத்துச் சாற்றை மட்டும் வெளியே விடுகின்றன.

எஸ்பிரெசோ கோப்பி வடிப்பதற்குரிய அமுக்கம் சுமார் 9 பார். மோட்டார் வண்டியின் சக்கரத்திலுள்ள காற்றின் அமுக்கத்தைப் போல் இது ஏறக்குறைய நான்கு மடங்கு. அமெரிக்காவில் 1990களின் தொடக்கத்தில் ஜோன் சில்வன், பீற்றர் டிராகோன் ஆகியோர் தொடங்கிய கியூரிக் நிறுவனத்தின் முறை வேறு. அது அமுக்கம் குறைந்த முறை. பிளாஸ்டிக் கிண்ணத்தினுள் வடிதாள் இருக்கும். மேலிருந்து ஓர் ஊசியும் கீழிருந்து ஓர் ஊசியும் அதைக் குத்தித் திறக்கும்.

தண்ணீருக்கு இலேசான வழி

மிளகாய்த் தோட்டத்துக்கு நீர் இறைத்தவர்களுக்கு ஓர் உண்மை தெரியும். வாய்க்காலின் வரம்பில் ஒரு சிறு உடைப்பு ஏற்பட்டாலும் தண்ணீர் அந்த வழியாகவே ஓடிவிடும். கன்றுக்குப் போய்ச் சேராது. சிமிழிலும் அவ்வாறே. சிமிழின் விளிம்புக்கும் இயந்திரத்தின் வாய்க்கும் இடையில் சிறு இடைவெளி இருந்தாலும், சுடுநீர் இறுகிய தூளினூடாகச் செல்லாது, விளிம்பைச் சுற்றி வெளியேறி விடும். அப்போது கோப்பையில் விழுவது நிறமூட்டிய வெந்நீரே.

பிரஷர் குக்கரின் மூடியிலுள்ள றப்பர் வளையம் செய்யும் வேலையை இங்கும் ஒரு வளையம் செய்தாக வேண்டும். அவ்வளையத்தை இயந்திரத்தில் வைத்தால், நாளடைவில் தேய்ந்து, கோப்பிக் கசடு படிந்து, கசியத் தொடங்கும். அதனால் ஒவ்வொரு சிமிழின் விளிம்பிலும் நெகிழ்ச்சியான மெல்லிய வளையமொன்றை அமைக்கும் முறை வந்தது. ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு புதிய வளையம் கிடைக்கின்றது. வேறு சில தயாரிப்பாளர்கள் அலுமினிய விளிம்பையே மேடுபள்ளமாக மடித்து, அது நசுங்கி அடைக்கும்படி செய்கின்றனர்.

பூட்டும் திறப்பும்

பொறியியல் இங்கே வணிகமாகவும் மாறுகின்றது. எந்தச் சிமிழ் எந்த இயந்திரத்தின் வாயில் கசிவின்றிப் பொருந்துமோ, அதை மட்டுமே வாங்க முடியும். இயந்திரத்தை மலிவாகக் கொடுத்துவிட்டுச் சிமிழில் இலாபம் காணும் நிறுவனங்களுக்கு இந்த அடைப்பே பூட்டு.

நெஸ்பிரெசோவின் முன்னாள் தலைவரான ஜோன் போல் கய்யார் 2008 இல் போட்டி நிறுவனமொன்றை ஆரம்பித்து, அதே இயந்திரத்துக்குப் பொருந்தும் சிமிழ்களை விற்க முற்பட்டபோது பல நாடுகளில் வழக்குகள் எழுந்தன. பிரான்சின் போட்டித்துறை அதிகாரசபை 2014 இல், இயந்திரத்தில் செய்யப்படும் மாற்றங்களைப் போட்டியாளர்களுக்கு முன்கூட்டியே அறிவிப்பதாக நெஸ்பிரெசோ அளித்த உறுதிமொழியை ஏற்றுக்கொண்டது. அதே 2014 இல் கியூரிக் நிறுவனம், தனது அனுமதி பெற்ற மூடிகளை மட்டும் அடையாளங்கண்டு இயங்கும் இயந்திரமொன்றை வெளியிட்டது. வாடிக்கையாளரின் எதிர்ப்பு வலுக்கவே, அடுத்த ஆண்டில் அது ஓரளவு பின்வாங்கியது. 2021 இல் சுவிற்சர்லாந்தின் உச்ச நீதிமன்றம், நெஸ்பிரெசோ சிமிழின் வடிவம் தொழில்நுட்பத் தேவையினால் ஏற்பட்டது என்றும், அதை வணிகக் குறியாக ஒருவர் தனதாக்க முடியாது என்றும் தீர்ப்பளித்தது. இன்று எம் கடைத்தட்டுகளில் பல பெயர்களில் பொருந்தும் சிமிழ்கள் இருப்பதற்கு, ஆக்கவுரிமைகள் காலாவதியானதும் இத்தகைய வழக்குகளும் காரணமாகும்.

அடைப்புத் தவறினால்

இனி நாம் சொல்லவிருப்பதைப் பெற்றோர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டுகிறோம்.

2012 பெப்ரவரியில் அமெரிக்காவில் டசிமோ என்ற வகை இயந்திரங்கள் சுமார் 8 இலட்சத்து 35 ஆயிரம் மீளப்பெறப்பட்டன. கனடாவிலும் அவ்வாறே செய்யப்பட்டது. கோப்பி அடைக்கப்பட்ட பிளாஸ்டிக் தட்டு வெடித்து, கொதிநீரும் தூளும் அருகிலிருந்தோர் மீது தெறிக்கக்கூடும் என்பதே காரணம். அமெரிக்காவில் 140 சம்பவங்கள் அறிவிக்கப்பட்டன. அவற்றில் 37 இரண்டாந்தரத் தீக்காயங்கள். காயமடைந்தவர்களுள் பத்து வயதுச் சிறுமியும் ஒருவர். 2014 டிசெம்பரில் கியூரிக் நிறுவனமும் அமெரிக்காவில் மட்டும் 66 இலட்சம் இயந்திரங்களை மீளப்பெற்றது. இங்கு தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகி வெளியே தெறித்ததே குறைபாடு. சுமார் 90 பேர் காயமுற்றதாக அறிவிக்கப்பட்டது.

இவை அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்தவை. எனினும் அமுக்கமும் கொதிநீரும் எந்நாட்டிலும் ஒரேவிதமாகவே நடந்துகொள்ளும். வெளிவரும் வழி அடைபட்டால், நீர் பலவீனமான வேறொரு மூட்டைத் தேடும். ஆகவே சில பழக்கங்களை வீட்டில் ஏற்படுத்திக் கொள்வது நல்லது. நசுங்கிய விளிம்புள்ள சிமிழையோ, ஊதியிருக்கும் சிமிழையோ போடக்கூடாது. பாவித்த சிமிழில் வீட்டுத் தூளை நிரப்பித் தாளொட்டிப் பயன்படுத்துவதைத் தவிர்க்க வேண்டும். மிக நுண்ணிய தூள் வழியை அடைத்துவிடும். இயந்திரம் இயங்கும்போது பிடியை உயர்த்தக்கூடாது. தண்ணீர் வராமல் நின்றுவிட்டால், மின்னிணைப்பைத் துண்டித்து, ஆறவிட்டபின்னரே திறக்க வேண்டும். உட்படியும் சுண்ணத்தைக் காலத்துக்குக் காலம் நீக்க வேண்டும். சிறு பிள்ளைகளின் கைக்கும் தலைக்கும் எட்டாத இடத்தில் இயந்திரத்தை வைக்க வேண்டும்.

பழைய இயந்திரம் ஒன்று கைக்குக் கிடைத்தால், அதன் அடியிலுள்ள மாதிரி இலக்கத்தைப் பார்த்து, அவுஸ்திரேலியப் போட்டி மற்றும் நுகர்வோர் ஆணைக்குழு வெளியிடும் மீளப்பெறல் பட்டியலில் அது உள்ளதா என்று வளர்ந்த பிள்ளைகளைக் கொண்டு தேடிப் பார்க்கலாம்.

சுடுநீர் பட்டுவிட்டால், காயத்தை உடனே ஓடும் குளிர்ந்த குழாய்நீரில் 20 நிமிடம் பிடிக்க வேண்டும். பனிக்கட்டி, வெண்ணெய், பற்பசை எதுவும் பூசலாகாது. காயம் பெரிதாயின், அல்லது குழந்தையின் முகத்தில் பட்டிருந்தால், 000 இலக்கத்தை அழைக்கத் தயங்க வேண்டாம். அழைப்பில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று ஆங்கிலத்தில் கேட்டாலே போதும். அவசரமற்ற மருத்துவ விடயங்களுக்கு 131 450 என்ற இலக்கத்தில் மொழிபெயர்ப்பு உதவி கிடைக்கும்.

கணக்கும் கழிவும்

ஒரு சிமிழில் ஐந்து கிராம் தூள் என்று கொண்டால், ஒரு கிலோவுக்கு 200 சிமிழ்கள். எனவே சிமிழின் விலையை 200 ஆல் பெருக்கினால் நாம் ஒரு கிலோ கோப்பிக்குக் கொடுக்கும் விலை தெரிந்துவிடும். ஒரு சிமிழ் 80 சதமாயின் கிலோ 160 டொலர். நாளொன்றுக்கு நான்கு சிமிழ் பாவிக்கும் குடும்பம் ஆண்டொன்றில் 1,460 சிமிழ்களுக்கு 1,168 டொலர் செலவிடுகின்றது. வாடகையையும், விசா விண்ணப்பச் செலவையும், ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் பணத்தையும் ஒரே சம்பளத்தில் சமாளிப்போருக்கு இக்கணக்கு சிறியதன்று.

கழிவின் நிலையும் அடைப்போடு தொடர்புடையதே. அலுமினியம் காற்றை முற்றாகத் தடுக்கின்றது. அதை உருக்கி மீண்டும் பயன்படுத்த, புதிதாக எடுப்பதற்கான சக்தியில் சுமார் நூற்றுக்கு ஐந்து பங்கு போதும். ஆயினும் சிமிழ்கள் மிகச் சிறியவை, உள்ளே ஈரக்கசடும் நிறைந்தவை. ஆகையால் பொதுவாக வீட்டின் மீள்சுழற்சித் தொட்டி அவற்றுக்கு உரிய இடமன்று. விற்கும் நிறுவனத்தின் சேகரிப்பு ஏற்பாட்டிலேயே சேர்க்க வேண்டும். மக்கும் சிமிழ்கள் என விற்கப்படுவன பலவற்றின் சுவர் காற்றை நன்கு தடுப்பதில்லை. அதனால் அவற்றை இன்னொரு உறையிலிட்டு அடைக்க வேண்டியுள்ளது. ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரம் 2016 இல் அரச கட்டடங்களுக்குச் சிமிழ்க் கோப்பி வாங்குவதை நிறுத்தியது. கியூரிக்கை உருவாக்கிய ஜோன் சில்வனே, அதை உருவாக்கியதற்காகச் சிலவேளை வருந்துவதாக 2015 இல் அமெரிக்கச் சஞ்சிகையொன்றுக்குக் கூறியிருந்தார்.

இயந்திரம் உள்ளவர்கள் அதை எறிந்துவிட வேண்டும் என்று நாம் சொல்ல வரவில்லை. களைத்து வரும் வேளையில் ஒரு கோப்பை நல்ல கோப்பி எவருக்கும் ஆறுதலே. புதிதாக வாங்க எண்ணுவோர் இயந்திரத்தின் விலையை மட்டும் பாராது, அதற்கு எத்தனை நிறுவனங்களின் சிமிழ்கள் பொருந்துகின்றன, ஒரு கிலோவுக்கு என்ன விலையாகின்றது, பாவித்த சிமிழை எங்கே கொடுப்பது என்ற மூன்று கேள்விகளைக் கடையிலேயே கேட்டறிந்து வாங்க வேண்டும். வீட்டில் ஏற்கனவே வைத்திருப்போர், இன்றே அதன் வாயைத் திறந்து, விளிம்பில் படிந்துள்ள கசடைத் துடைத்து, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்துக்கு அதை நகர்த்தி வைக்குமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.