கார்ட்டிசால் கணக்கு: எண் மட்டும் போதுமா?

"ஒரே ஸ்ட்ரெஸ்ஸா இருக்கு" என்ற பேச்சு இன்று கேட்காத வீடில்லை. அந்த மன அழுத்தத்தை அளக்க ஆய்வாளர்கள் பெரிதும் நம்புவது கார்ட்டிசால் என்ற ஹார்மோனை. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி இதைச் சுரக்கிறது. ஹார்மோன் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்வேன்: எப்போது, எப்படி அளந்தார்கள் என்று எழுதாத கார்ட்டிசால் அளவு, ஊர்ப்பெயர் இல்லாத முகவரி மாதிரி.

நேரம்

கார்ட்டிசால் காலையில் உச்சத்தில் இருக்கும். நள்ளிரவை ஒட்டி மிகக் குறையும். கண் விழித்த 30 முதல் 45 நிமிடங்களுக்குள் அது மேலும் ஏறும். இந்த ஏற்றத்தை அளக்க, விழித்தவுடன், 30ஆம் நிமிடம், 45ஆம் நிமிடம் என்று குறைந்தது மூன்று முறை உமிழ்நீர் எடுக்க வேண்டும். அதுவரை பல் தேய்க்கக் கூடாது, காபியும் கூடாது. நம்ம ஆட்களுக்கு இது பெரிய தவம்தான்!

ஒருவர் விழித்தபின் கால்மணி நேரம் புரண்டு படுத்துவிட்டு, "இப்பத்தான் எழுந்தேன்" என்று குறித்தால் என்ன ஆகும்? அதற்குள் கார்ட்டிசால் ஏறியிருக்கும். தொடக்க அளவு கூடுதலாகவும், ஏற்றம் சிறிதாகவும் தெரியும். பிறகு, "இவர் உடல் அழுத்தத்தால் தளர்ந்துவிட்டது" என்று கட்டுரை எழுதிவிடுவார்கள். இரவு ஷிப்ட் தொழிலாளர்கள் பற்றியும், நோயாளியைப் பராமரிக்கும் பெண்கள் பற்றியும் வரும் முடிவுகள் இப்படிப்பட்ட எண்களின் மேல்தான் நிற்கின்றன.

அதனால்தான் 2016இல் இத்துறை வல்லுநர்கள் கூடி நெறிமுறை வகுத்தார்கள். விழித்த நேரத்தையும் மாதிரி எடுத்த நேரத்தையும் கருவி கொண்டு சரிபார்க்க வேண்டும். அதைக் கட்டுரையில் தெரிவிக்கவும் வேண்டும் என்றார்கள். 2022இல் மறுபடி பார்த்தபோது முன்னேற்றம் இருந்தது. ஆனாலும் முக்கியமான நெறிகளைப் பல ஆய்வுகள் பின்பற்றவில்லை.

முறை

இரத்தத்தில் உள்ள கார்ட்டிசாலில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டியிருக்கிறது. உமிழ்நீரில் வருவது ஒட்டாத பகுதி மட்டுமே. இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஈஸ்ட்ரோஜன் உள்ள கருத்தடை மாத்திரை அந்தப் புரதத்தைக் கூட்டும். மன அழுத்தமே இல்லாவிட்டாலும் இரத்த அளவு ஏறும். ஆஸ்துமாவுக்குத் தரும் பிரெட்னிசோலோன் மருந்தைச் சில இம்யூனோஅஸே முறைகள் கார்ட்டிசால் என்றே எண்ணிவிடும். மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரி இவ்விரண்டையும் பிரித்துக் காட்டும். ஆகவே சாப்பிடும் மருந்து, சோதனை முறை, ஒரே மாதிரியைத் திரும்ப அளந்தால் வரும் வேறுபாடு, எல்லாமே எழுதப்பட வேண்டியவை.

அலகும் முக்கியம். டெசிலிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்பதும் லிட்டருக்கு 276 நானோமோல் என்பதும் ஒன்றுதான்!

இனி "ஸ்ட்ரெஸ் ஹார்மோன் கூடியது" என்ற செய்தியைப் படித்தால் மூன்று கேள்வி கேளுங்கள்: எதில் அளந்தார்கள்? எந்த நேரத்தில்? எந்த முறையில்? பதில் இல்லையென்றால், அந்தச் செய்தியை நம்பி வீட்டில் யாரும் கவலைப்பட வேண்டியதில்லை.